கடல் நுழையும் துளைகள்

பழைய பாய்மரப் படகை விலைக்கு வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் பாயையும் எஞ்சினையும்தான் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர் தளத்தில் மண்டியிடுவார். விளிம்பை ஒட்டி வரிசையாக நிற்கும் வேலிக்கால்களின் அடியில் பழுப்பு நிறக் கோடு வழிந்திருக்கிறதா என்று பார்ப்பார். காலைப் பிடித்து ஆட்டி, அடித்தகடு அசைகிறதா என்று கவனிப்பார். பிறகு உள்ளே இறங்கி, அதே இடத்துக்கு நேர் கீழே அலமாரிக்குள் கையை விட்டு போல்ட்டின் நட்டைத் தடவுவார். விரலில் ஈரமோ துருவோ ஒட்டினால் விலைப் பேச்சு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

ஃபைபர் மக்குவதில்லை. 1960களிலும் 70களிலும் கண்ணாடி இழையையும் பாலியெஸ்டர் ரெசினையும் கொண்டு வார்த்த படகுகளில் ஏராளமானவற்றின் உடல் இன்றும் உறுதியாக இருக்கிறது. அன்றைய வடிவமைப்பாளர்கள் பலருக்கு இந்தப் புதுப்பொருளின் மேல் முழு நம்பிக்கை வரவில்லை. அதனால் தேவைக்கு மேல் தடிமனாகவே வார்த்தார்கள். அப்படி வார்த்த படகுகளும்கூடத் துறைமுக மூலைகளில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன, அடிமாட்டு விலைக்குப் போகின்றன. காரணத்தைத் தேடினால் பல நேரங்களில் அது தளத்தில்தான் இருக்கும். 10 மீட்டர் நீளப் படகின் தளத்தில் பொருத்தியிருப்பவற்றை எண்ணத் தொடங்கினால் மலைப்பாக இருக்கும்: கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்கள், கயிற்றைக் கட்டும் கிளீட்கள், கப்பிகள், கப்பிகள் நகரும் தண்டவாளங்கள், வேலிக்கால்கள், கைப்பிடிகள், ஜன்னல்கள், நங்கூரச் சங்கிலி உருளும் உருளை. ஒவ்வொன்றுக்கும் நான்கு, ஆறு, எட்டு என்று போல்ட்டுகள். ஆக, தளத்தில் நூற்றுக்கணக்கான துளைகள். பட்டறையிலிருந்து படகு வெளியே வந்த நாளில் ஒவ்வொரு துளையையும் ஒரு பசை அடைத்திருந்தது. அந்தப் பசைக்கு ஆயுள் பத்திருபது ஆண்டு. படகுக்கு வயதோ ஐம்பது.

1991 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரைக்கு அப்பால் எழுந்த பெரும்புயலில் ‘சட்டோரி’ என்ற 32 அடிப் பாய்மரப் படகு சிக்கியது. அதிலிருந்த மூவரையும் கடலோரக் காவல் படை மீட்டது. படகை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஆளில்லாமல் மிதந்த படகு, பிறகு மேரிலாந்து மாநிலத்தின் அசட்டீக் தீவு மணலில் ஒதுங்கிக் கிடந்தது. உடல் உடையவில்லை. அதை மீட்டு மறுபடி கடலில் விட்டார்கள். அது ‘வெஸ்ட்செயில் 32’ வகைப் படகு. 1970களில் நூற்றுக்கணக்கில் ஃபைபரில் வார்க்கப்பட்ட வகை. அதன் உருவத்தின் வேர் வில்லியம் அட்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் 1920களில் வரைந்த ‘எரிக்’ படகில் இருக்கிறது. அட்கினுக்கு முன்மாதிரி, நார்வேயில் காலின் ஆர்ச்சர் 1890களில் கட்டிய உயிர்காப்புப் படகுகள். அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) இரண்டுமே கூராக முடியும், கனத்த, நிதானமான படகுகள் அவை.

அதே ‘எரிக்’ வரைபடத்தை வைத்து 1960களின் முதல் பாதியில் பம்பாயில் இன்னொரு படகு கட்டினார்கள். இது முழுக்கத் தேக்கு. வாய்ச்சியால் செதுக்கி, கையால் துரப்பணம் சுழற்றித் துளையிட்ட வேலை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல் அதிகாரி ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் கட்டச் சொன்ன அந்தப் படகின் பெயர் ‘சுஹைலி’. 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறையிலிருந்து அதில் தனியாகப் புறப்பட்ட அவர், எங்கும் கரையேறாமல் உலகைச் சுற்றி 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று அதே துறைக்குத் திரும்பினார். அது தனியாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பந்தயம். கிளம்பிய 9 பேரில் முடித்தவர் அவர் ஒருவரே.

ஒரே வரைபடத்தில் பிறந்த இரண்டு படகுகள், ஒன்று மரம், மற்றது ஃபைபர். இரண்டையும் புதுப்பிப்பவர் எதிர்கொள்ளும் எதிரி ஒன்றுதான். வெளியே மோதும் கடலைத் தாங்க இரண்டுமே நன்றாகக் கட்டப்பட்டவை. துளைக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிடும் சில சொட்டு உப்புநீருக்கு இரண்டிலும் பதில் கிடையாது. அந்தச் சொட்டுகள் செய்யும் வேதியியலைப் புரிந்துகொண்டால், தளச் சாமான்களை ஏன் இப்படிக் கழற்றுகிறோம், ஏன் அப்படிப் பூட்டுகிறோம் என்பதெல்லாம் தானாக விளங்கும்.

இதைப் பெரிய அளவில் முதலில் அனுபவித்தது பிரிட்டிஷ் கடற்படை. கொட்டலசும் மரந்துளைக்கும் கடற்புழுவும் கப்பல்களின் அடிப்பாகத்தைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. 1761-இல் ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடியைச் செம்புத் தகட்டால் மூடினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய்வந்த கப்பலை 1763-இல் சோதித்தபோது புழுத் தொல்லை இல்லை, ஆனால் தகட்டை அடித்திருந்த இரும்பு ஆணிகளில் பல கரைந்து போயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புதிதாகவே இருந்தன. அவற்றின் அருகே, தகடுகள் வந்த பழுப்புக் காகிதத்தைக் கிழிக்காமல் அப்படியே அடித்திருந்தார்கள். செம்பையும் இரும்பையும் தொடவிடாமல் அந்தக் காகிதம் பிரித்து வைத்திருந்தது. அதிகாரிகள் சரியான முடிவுக்கு வந்தார்கள்: இரண்டு உலோகமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஏன் என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியவில்லை. அதற்கான விடை, 1800-இல் வோல்டா தன் மின்கல அடுக்கைக் காட்டிய பிறகே கிடைத்தது.

உலோகங்கள் எல்லாம் எலக்ட்ரானை ஒரே அளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பதில்லை. துத்தநாகம் சுலபமாக விட்டுக்கொடுக்கும், இரும்பு அதைவிடக் கொஞ்சம் கஞ்சம், செம்பும் வெண்கலமும் இன்னும் இறுக்கம். இரண்டு உலோகங்களைத் தொடவைத்து உப்புநீரில் நனைத்தால், விட்டுக்கொடுக்கும் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் மற்றதுக்கு ஓடும். விட்டுக்கொடுத்த உலோக அணுக்கள் அயனிகளாகி நீரில் கரையும். இரும்புக்கும் செம்புக்கும் கடல்நீரில் உள்ள மின்னழுத்த வேறுபாடு அரை வோல்ட்டுக்கும் குறைவு. அது போதும், ஏனென்றால் இங்கே முக்கியமானது பரப்பளவு. அலாரத்தில் செம்பின் பரப்பு பிரம்மாண்டம், இரும்பு ஆணியின் பரப்பு சொற்பம். அந்தப் பெரிய பரப்பு கேட்கும் எலக்ட்ரான் முழுவதையும் சின்ன ஆணியே கொடுக்க வேண்டியிருந்தது. தலைகீழாக, பெரிய இரும்புத் தகட்டில் சின்னச் செம்பாணி அடித்திருந்தால் இழப்பு பரவிப் போய்க் கண்ணிலேயே பட்டிருக்காது. இந்தப் பரப்பு விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படகின் எல்லா மூலையிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

1824-இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இதே விதியைத் திருப்பிப் போட்டார். செம்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ வேண்டுமென்றே இணைத்தால், அது கரைந்து செம்பைக் காப்பாற்றும். அப்படியே நடந்தது. ஆனால் செம்பு கரையாததால் நீரில் செம்பின் நஞ்சும் கலக்கவில்லை. கொட்டலசும் பாசியும் தகட்டில் தாராளமாக வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. யோசனை மட்டும் அழியவில்லை. இன்று உலகில் ஓடும் ஏராளமான படகுகளின் அடியில், தன்னைக் கரைத்துக்கொள்வதற்காகவே ஒரு துத்தநாகக் கட்டியோ அதன் உறவு உலோகமோ பூட்டப்பட்டிருக்கிறது.

மரப் படகில் அந்தக் கட்டியே வில்லனாகவும் மாறக்கூடும். கரையும் உலோகத்தைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அங்கே நீரும் ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பெற்று ஹைட்ராக்சைடு அயனியாகின்றன, அதாவது காரம். இரும்பு ஆணியைச் சுற்றியோ, அளவுக்கு மேல் துத்தநாகம் கட்டிய வெண்கல போல்ட்டைச் சுற்றியோ இந்தக் காரம் மரத்துக்குள் ஊறினால், மர இழைகளை இணைக்கும் லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் தளர்த்திவிடும். போல்ட் பளபளவென்று இருக்கும். அதைப் பிடிக்க வேண்டிய மரம் விரலால் நோண்டினாலே நாராக வரும். ‘இன்னும் ஒரு துத்தநாகம் சேர்த்துக் கட்டு’ என்பது மரப் படகுக்காரர்கள் கேட்கக் கூடாத அறிவுரை என்று நான் திடமாக நம்புகிறேன். எது கரைகிறது என்று அளந்து பார்த்த பிறகு கட்டலாம்.

(நம் சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளில் இந்தப் பிரச்சினையே எழவில்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளும் சரக்கும் ஏற்றி, மோதி உடையும் அலையைக் கடந்தவை அவை. அலையில் நெளிந்து கொடுக்கவே தையல் போட்டார்கள். அரிக்க ஆணி இல்லை என்பது கூடுதல் லாபம்.)

சுஹைலிக்கு வருவோம். 1968-இல் அட்லாண்டிக்கில் தெற்கே போய்க்கொண்டிருந்தபோதே படகின் அடியில், ஏராவை (அடிக்கட்டையை) ஒட்டிய பலகை இணைப்பில் நீர் கசியத் தொடங்கியது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் நீருக்குள் இறங்கிக் கலப்பத்து அடித்தார். பஞ்சுத் திரியைக் கித்தான் நாடாவில் தைத்து, இணைப்பின் மேல் வைத்துச் செம்பு ஆணியால் அறைந்து, அதன் மேல் செம்புப் பட்டையையும் அடித்தார். தென்கடலில் ஒரு பேரலை படகைப் பக்கவாட்டில் சாய்த்தபோது, தளத்தின் மேல் எழும்பி நின்ற அறையே இடம் நகர்ந்தது. அதைப் பிடித்திருந்த இணைப்புகள் அசைந்துவிட்டன. அங்கிருந்து வீடு திரும்பும்வரை அந்த அறை இணைப்புகளைப் பற்றிய கவலை அவரை விடவில்லை.

புயலில் பிழைத்த சுஹைலிக்கு உலர்ந்த காற்று ஆபத்தானது. பின்னாளில் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் அதை வைத்தார்கள். கூரைக்குக் கீழே, வறண்ட காற்றில் பலகைகள் சுருங்கத் தொடங்கின. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதே இல்லை, அகலவாக்கில்தான் சுருங்கும். 10 செ.மீ. அகலப் பலகை 1 சதவீதம் சுருங்கினால் 1 மி.மீ. இடைவெளி விழும், அதுவும் ஒவ்வொரு பலகைக்கும். மரத்தைக் கவ்வியிருந்த போல்ட் அதே நீளத்தில் இருக்க, மரம் மட்டும் மெலிந்துவிடுவதால் பிடியும் தளரும். 2002-இல் படகை வெளியே எடுத்தார்கள். நாக்ஸ்-ஜான்ஸ்டனே முன்னின்று அதைப் புதுப்பித்தார். 2018-இல், தன் பயணத்தின் ஐம்பதாம் ஆண்டில், ஃபால்மவுத்தில் அதை மறுபடி பாய்விரித்து ஓட்டினார். மரப் படகைக் காப்பாற்ற அதை ஈரத்தில் வைத்திருக்க வேண்டும், அதன் இணைப்பாணிகளையோ ஈரத்திலிருந்து காக்க வேண்டும். இந்த முரணை முழுதாகத் தீர்க்க யாராலும் முடியாது. சில ஆண்டுக்கு ஒருமுறை ஆணிகளைக் கழற்றிப் பார்த்து, மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

ஃபைபர் வந்தபோது இந்தத் தொல்லை ஒழிந்தது என்றுதான் நினைத்தார்கள். உடலைப் பொறுத்தவரை அது உண்மை. தளத்தில் மட்டும் ஒரு சிக்கல். ஆள் நடந்தால் நெளியாத அளவுக்குத் தளம் விறைப்பாக இருக்க வேண்டும், அதே நேரம் கனம் கூடாது, ஏனென்றால் உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் படகைச் சாய்க்கப் பார்க்கும். விடை, இரண்டு மெல்லிய ஃபைபர் தோல்களுக்கு நடுவே லேசான உள்ளீடு வைத்த தளம். பெரும்பாலும் பால்சா மரம், சில படகுகளில் பிளைவுட். கெட்டியான ஒரு தகட்டை இரண்டாகப் பிளந்து நடுவே உள்ளீட்டை வைத்து, மொத்தத் தடிமனை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு ஏறத்தாழ 7 மடங்காகும். நான்கு மடங்காக்கினால் 37 மடங்கு. எடையோ சில சதவீதம்தான் கூடும். பொறியியலில் இவ்வளவு மலிவாக இவ்வளவு லாபம் கிடைப்பது அபூர்வம்.

அந்த லாபத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளீடு இரண்டு தோல்களோடும் ஒட்டியே இருக்க வேண்டும். வளையும்போது மேல்தோல் அமுங்கும், கீழ்த்தோல் இழுபடும். இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது உள்ளீடுதான். போல்ட் துளை வழியாக ஈரம் புகுந்து பால்சா ஊறினால் பூஞ்சை பிடிக்கும், பசை விடும், தோல்கள் தனித்தனியாகும். 37 மடங்கு விறைப்பு, இரண்டு மெல்லிய தகடுகளின் விறைப்பாகச் சரிந்துவிடும். குளிர்நாடுகளில் உள்ளே தேங்கிய நீர் பனியாக உறையும்போது 9 சதவீதம் பெருத்துத் தோலைப் பிளந்துகொண்டு பரவும். தளத்தின் மேல் அழகுக்காகத் தேக்குப் பட்டைகளை ஸ்குரூ வைத்து முடுக்கிய படகுகளின் கதை இதைவிட வருத்தமானது. நல்ல ஃபைபர் தளத்தில் ஆயிரக்கணக்கான துளைகளைப் பட்டறையிலேயே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

ஊறிய தளத்தைக் காதால் கண்டுபிடிக்கலாம். சின்னப் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் பொத்தென்று கேட்கும். சந்தேகமான இடத்தில் கீழ்ப்பக்கத்திலிருந்து சின்னத் துளை போட்டு, துரப்பணத்தின் சுழிகளில் ஒட்டிவரும் தூளைப் பார்ப்பதே தீர்ப்பு. காய்ந்த பால்சா வெளிர் மஞ்சளாக, பறக்கும் தூளாக வரும். கெட்டது கறுத்து, வடிகட்டிய தேயிலைத் தூளைப்போல ஈரமாக வந்து விழும், புளித்த வாடையும் வரும். அந்தக் கறுப்பு எவ்வளவு தூரம் போகிறது என்று தட்டித் தட்டி, தளத்தில் பென்சிலால் எல்லை வரைந்துகொண்டே போவதுதான் புதுப்பிக்கும் வேலையின் முதல் நாள். எல்லை பெரிதாக இருந்தால் மேல்தோலை வெட்டித் தூக்கி, அழுகலைச் சுரண்டி, புது உள்ளீடு பதித்து, தோலைத் திரும்ப ஒட்ட வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் யாரும் செய்யக்கூடிய வேலை.

மரம் ஊறுவது ஒருபுறம் இருக்க, அதே சொட்டு நீர் போல்ட்டையும் விடுவதில்லை. தளச் சாமான்கள் பெரும்பாலும் எவர்சில்வர். கடலுக்கு ஏற்றது 316 என்ற வகை: அதில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம், 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள படலமாக உலோகத்தை மூடிக்கொள்கிறது. கீறினாலும் படலம் உடனே மறுபடி உருவாகும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

போல்ட்டின் நடுப்பகுதி தளத்துக்குள் இருக்கிறது. காய்ந்துபோன பசைக்கும் உலோகத்துக்கும் இடையே மயிரிழை இடுக்கு. அதில் உப்புநீர் புகுந்து நிற்கிறது. அந்த நீரிலுள்ள ஆக்சிஜன் சீக்கிரமே தீர்ந்துவிடும், புதிதாக உள்ளே வர வழியில்லை. படலம் மெல்ல மெல்லப் பழுதாகி, கரையத் தொடங்கும் உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்கும். மின்சமநிலைக்காக வெளியிலிருந்து குளோரைடு அயனிகள் உள்ளே இழுக்கப்படும். அமிலமும் குளோரைடும் சேர்ந்தால் மிச்சப் படலமும் போகும். இப்போது அந்த ஒரே போல்ட்டில் இரண்டு உலோகங்கள் இருப்பதற்குச் சமம்: வெளியே படலத்தோடு பளபளக்கும் பெரிய பரப்பு, உள்ளே படலமிழந்த சின்னப் பரப்பு. அலாரத்தின் செம்பும் ஆணியும் அதே விகிதத்தில், ஒரே துண்டு எஃகுக்குள். கண்ணுக்குத் தெரியும் தலை எவ்வளவு மினுங்குகிறதோ, அந்த மினுக்கே உள்ளே நடக்கும் அரிப்புக்கு உதவுகிறது.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்கள் வந்து முடியும் செயின்பிளேட்டில் இதன் விளைவைத் தெளிவாகப் பார்க்கலாம். பல படகுகளில் இது தளத்தைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி, உள்சுவரில் போல்ட்டால் பூட்டியிருக்கும் நீண்ட பட்டை. நாற்பது ஆண்டு ஓடிய படகிலிருந்து கழற்றிய பட்டையைக் கையில் எடுத்தால், தளத்துக்கு மேலே நின்ற பகுதி கண்ணாடியாக இருக்கும். அறைக்குள் இருந்த பகுதி மங்கல், ஆனால் நலம். நடுவே, தளத்தின் தடிமனுக்குள் மறைந்திருந்த இரண்டு விரற்கடை மட்டும் பழுப்பேறி, ஊசிமுனைக் குழிகள் விழுந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்துக் காத்திருந்தால், ஏதோ ஒரு குழியிலிருந்து சிவப்புக் கோடு வெள்ளையில் மெல்லக் கசிந்து வரும். அது விரிசல். தளத்துக்கு மேலிருந்தோ கீழிருந்தோ எத்தனை வருடம் பார்த்திருந்தாலும் அது தெரிந்திருக்காது. அந்தப் பட்டை அறுந்தால் பாய்மரமே சாயும். பழைய படகு வாங்குகிறவர் வேறு எதைத் தள்ளிப் போட்டாலும் செயின்பிளேட்டுகளைக் கழற்றிப் பார்ப்பதைத் தள்ளிப் போடக் கூடாது.

இனிப் பூட்டும் வேலை. நல்ல பசையாகப் பார்த்துத் தடவி, பழைய துளையிலேயே போல்ட்டை முடுக்கினால் கதை பத்தாண்டில் திரும்பும். பசை என்றைக்காவது விடும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். துளையைப் போல்ட்டைவிட அகலமாக்கி, தலை வெட்டிய ஆணியை ‘ட’ வடிவில் வளைத்துத் துரப்பணத்தில் மாட்டி உள்ளே சுழற்றினால், தோல்களுக்கு நடுவிலுள்ள பால்சா மட்டும் சுற்றிலும் சுரண்டப்பட்டு வந்துவிடும். கீழே டேப்பால் அடைத்து, கெட்டியாக்கிய எப்பாக்சியை நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவே போல்ட் அளவுக்குப் புதுத் துளை போட வேண்டும். இப்போது போல்ட்டைச் சுற்றி மரமே இல்லை. நாளை பசை விட்டாலும் நீர் அறைக்குள் சொட்டும், கண்ணில் படும், உள்ளீட்டுக்குள் போகாது. இறுக்கும்போது நசுங்காத கெட்டித் தூணாகவும் அந்த எப்பாக்சி நிற்கும். இத்தனை சின்ன வேலைக்குப் படகின் ஆயுளைக் கூட்டும் இவ்வளவு சக்தி இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

பசையிலும் தேர்வு உண்டு. பாலியூரித்தேன் இரும்புப் பிடியாக ஒட்டும். பிறகு கழற்ற வேண்டி வந்தால் ஃபைபரின் மேல்தோலையும் பெயர்த்துக்கொண்டு வரும். அடுத்த முப்பது ஆண்டில் கழற்ற நேரும் எதற்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன். பாலிசல்ஃபைடு நல்லது, ஆனால் சில பிளாஸ்டிக் ஜன்னல்களைக் கெடுக்கும். பியூட்டைல் டேப் இறுகுவதே இல்லை, பல ஆண்டு பிசுபிசுப்பாகவே இருக்கும். வெயிலில் தளமும் உலோகமும் வேறு வேறு அளவில் விரியும்போது அதுவும் கூடவே நெளிந்து கொடுக்கும். துளையின் வாயை மேற்புறம் சற்றே சாய்வாகச் சீவிவிட்டால், அந்தப் பள்ளத்தில் பியூட்டைல் வளையமாக அமர்ந்துகொள்ளும். முடுக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்: மேலே ஒருவர் போல்ட்டின் தலையைச் சுழலவிடாமல் பிடிக்க, கீழே ஒருவர் நட்டை மட்டும் திருப்ப வேண்டும். மேலிருந்து போல்ட்டைத் திருப்பினால் அப்போதுதான் உட்கார்ந்த பசை வளையம் அறுந்துவிடும். ஒரே மூச்சில் இறுக்காமல், சில நாள் விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக.

கீழே வாஷர் மட்டும் போட்டால் போதாது. வேலிக்கால் 60 செ.மீ. உயரம். ஆடும் படகில் 70 கிலோ எடையுள்ளவர் தடுமாறி அதன் உச்சியில் முழுப் பாரத்தோடு சாய்ந்தால் அங்கே 700 நியூட்டன். அடித்தகட்டில் போல்ட்டுகளுக்கிடையே 6 செ.மீ. இருந்தால், நெம்புகோல் விதிப்படி கடல்பக்கம் சாயும்போது உள்பக்க போல்ட்டுகளை மேலே இழுக்கும் விசை 10 மடங்கு: 7000 நியூட்டன், ஏறத்தாழ 700 கிலோ தொங்குவதற்குச் சமம். 6 மி.மீ. போல்ட்டின் வாஷருக்கு 12 மி.மீ. விட்டம்தான். இரண்டு வாஷர்களின் கீழ் இந்த விசை வந்தால் பால்சா நசுங்கும், துளை பெரிதாகும், பசை கிழியும். 10 செ.மீ. சதுரத் தகட்டை அடியில் வைத்தால் அழுத்தம் 60-இல் ஒரு பங்காகக் குறையும். வேலிக்காலின் அடிதான் எந்தப் பழைய படகிலும் முதலில் ஒழுகும் இடம் என்பதற்கு இந்தக் கணக்கே காரணம்.

கப்பிகளிலும் இப்படி மறைந்த பெருக்கல் உண்டு. கயிறு கப்பியில் நுழைந்து செங்கோணமாகத் திரும்பினால், கப்பியின் போல்ட்டுகள் தாங்குவது கயிற்றின் இழுவையைப்போல 1.4 மடங்கு. முழுதாகத் திரும்பி வந்த வழியே போனால் 2 மடங்கு. வின்ச்சில் நடப்பது இன்னும் அழகு. உருளையில் கயிற்றைச் சுற்றும்போது உராய்வு கூட்டலாக ஏறாமல் பெருக்கலாக ஏறுகிறது. உராய்வுக் கெழு 0.2 என்றால் மூன்று சுற்றில் 43 மடங்கு. பாய் 400 கிலோ எடையளவு இழுத்தாலும், கடைசியில் கயிற்றைப் பிடித்திருக்கும் கைக்கு 10 கிலோகூடத் தெரியாது. அந்தச் சுகத்தில் மறந்துபோவது, 400 கிலோவும் அப்படியே வின்ச்சின் அடி போல்ட்டுகள் வழியாகத் தளத்துக்குத்தான் போகிறது என்பது. காற்றின் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 20 நாட் காற்றில் 25 சதுர மீட்டர் பாய் வாங்கும் தள்ளல் சுமார் 200 கிலோ எடைக்குச் சமம், அதே பாயோடு 40 நாட் காற்றில் நின்றால் 800.

பழைய படகைப் புதுப்பிப்பவர்கள் கயிற்றையும் புதிதாக்க ஆசைப்படுகிறார்கள். அது நியாயமான ஆசைதான். டைனீமா இழைக்கயிறு அதே தடிமனில் பாலியெஸ்டரைவிடப் பல மடங்கு வலிமை, நீட்சியோ மிகக் குறைவு. ஆனால் 1975-இல் அந்தக் கிளீட்டையும் கப்பியையும் தேர்ந்தெடுத்தவர், காற்று திடீரென்று அறையும்போது கயிறு கொஞ்சம் நீண்டு அந்த அதிர்ச்சியை விழுங்கிக்கொள்ளும் என்ற கணக்கில் தேர்ந்தெடுத்திருந்தார். நீளாத கயிறு அதை அப்படியே சாமானுக்கும் போல்ட்டுக்கும் கடத்தும். புதுக்கயிறு போடுவதென்றால் அது வந்து முடியும் கப்பி, கிளீட், அடித்தகடு அத்தனையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால் நல்ல பாலியெஸ்டர் கயிறே அந்தப் படகுக்குப் பொருத்தம்.

எல்லாம் பூட்டியான பிறகும் உள்கூரைப் பலகைகளை உடனே மூடிவிடக் கூடாது. தளத்தின் வடிகால்களை அடைத்து, தளம் நிறைய நீர் நிறுத்தி, உள்ளே ஒவ்வொரு நட்டையும் சுற்றி மெல்லிய காகிதத்தைச் சுருட்டி வைத்து, சில மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். நனைந்த காகிதத்துக்கு நேர் மேலே உள்ள போல்ட்தான் ஒழுகுகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். வளைந்த தளத்தில் பதிவதற்காகப் பால்சாவைச் சின்னச் சின்னச் சதுரங்களாகக் கீறித்தான் வைக்கிறார்கள். அந்தக் கீறல்களில் பல இடங்களில் ரெசின் நிரம்பியிருக்காது, நீர் அந்த வழியே ஒரு மீட்டர் தள்ளிப்போய்க்கூடச் சொட்டும். தளத்தின் சாய்வைப் பார்த்து, சொட்டும் இடத்தைவிட உயரத்தில் இருக்கும் சாமான்களில், எப்பாக்சித் தூண் வைக்காமல் விட்டவற்றை முதலில் கழற்ற வேண்டும்.